எட்டாவது புலி

என் அக்கா துப்பறிகிறவள். நான் அவளுடைய உதவியாளன். காணாமல் போனவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது எங்கள் தொழில். அக்கா தேடுவாள், நான் கூடவே நடந்து பசிக்கிறது என்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எதையும் தேடக் கூடாது என்று எழுத்துபூர்வமான தடை இருந்தது. தடை வாங்கியவள் அவளுடைய மூத்த மகள். வயது எட்டு. எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்வதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். வட்டாரக் கண்காட்சி தொடங்கி மூன்று வாரம் ஆகிவிட்டது. முதல் ஞாயிறு, காணாமல் போன ஒரு கணவரைத் தேடப் போய்விட்டோம். இரண்டாம் ஞாயிறு, அதே மனிதர் மறுபடியும் காணாமல் போனார். இது கடைசி ஞாயிறு, கடைசி நாள். காலையில் வக்கீல் ஒரு நோட்டுத் தாளை நீட்டினாள். 'இன்று அம்மா யாரையும் சந்தேகப்பட மாட்டாள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அக்கா கையெழுத்துப் போட்டாள். சாட்சி, நான்.

அத்தான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பரிசோதனையும் அவரே. ஊருக்கே பார்வை சரி பண்ணுகிற மனிதருக்குத் தன் செருப்பு எங்கே கிடக்கிறது என்று மட்டும் தெரியாது. கடைக்குட்டிக்கு நாலு வயது, பெயர் பட்டாணி. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு இப்போதுதான் எண்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அடுத்த எண்ணைக் கத்துவது அவனுடைய தற்போதைய வியாதி. கண்காட்சி வாசலில் நான் "அஞ்சு டிக்கெட்" என்றேன். "ஆறு!" என்றான் பட்டாணி. டிக்கெட்காரர் ஆறாகக் கிழித்துக் கையில் திணித்துவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. யாரையாவது பின்தொடரும்போது நானும் அக்காவும் பாதி வழியில் ஆள் மாற்றிக்கொள்வோம். புதிதாகப் பொறுப்பெடுக்கிறவர் தன் இடது காதைத் தொட வேண்டும். அதைப் பார்த்ததும் மற்றவர் பேசாமல் கழன்றுகொள்வார். அக்கா இந்த முறையை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். "நீ பாத்துக்கோ, நான் பாத்துக்கறேன்னு பிள்ளையை வெச்சுக்கிட்டு தெருவுல கத்த வேணாம்" என்பது அவள் கட்சி. காதைத் தொட்டால் பிள்ளை கை மாறிவிட்டது என்று பொருள். அத்தானுக்கு இது ஏகக் கொண்டாட்டம். துப்பறிகிறவளைக் கட்டிக்கொண்டதற்குக் கிடைத்த ஒரே சுகம் அதுதான் என்பார்.

உள்ளே போனதும் பிரிந்தோம். பட்டாணியை அத்தான் முயல், வாத்து, ஆட்டுக்குட்டிப் பக்கம் அழைத்துப் போனார். அக்கா, வக்கீல், நான் மூவரும் ராட்டினத்து வரிசையில் நின்றோம். வரிசை நகர்ந்த வேகத்தில் எனக்கு நரைத்துவிடும் போலிருந்தது. மூன்று மணிவாக்கில் தூரத்தில், கூட்டத்துக்கு மேலே அத்தானின் தொப்பி மட்டும் தெரிந்தது. என் தலைக்கு நேர் மேலே ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. ஒரு விரலால் காதை அடைத்துக்கொண்டு மறு கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். தொப்பி மறைந்தது.

நாலே கால் மணிக்கு வக்கீலுக்குத் தாகம் எடுத்தது. பக்கத்தில் தண்ணீர்ப் பானை இருந்த ஒரே இடம், 'காணாமல் போன குழந்தைகள்' என்று பலகை மாட்டியிருந்த கூடாரம். பலகையைப் பார்த்ததும் அக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள். பாவம், டாக்டர் சர்க்கரை வேண்டாம் என்று சொன்ன ஆள் மிட்டாய்க் கடையைத் தாண்டுகிற மாதிரிதான் இருந்தது.

உள்ளே மைக்குக்கு முன்னால் ஒரு நடுவயது அம்மாள் உட்கார்ந்திருந்தார். குரல் கட்டிப்போயிருந்தது. அவருக்குப் பக்கத்து பெஞ்சில் ஒரு குட்டிப் புலி.

புலி என்றால், முகம் முழுக்க ஆரஞ்சு வண்ணம், கறுப்புக் கோடுகள், மூன்று மூன்றாக மீசை. உடம்பில் கோடு போட்ட துணி அங்கி. பின்னால் ஒரு வால். வயது நாலு இருக்கும். அழவில்லை. கால் இரண்டையும் ஆட்டிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணே காலுக்குக் கொண்டுவந்து விட்டாங்க," என்றார் மைக்கம்மா. "முயல் கூண்டுக்குப் பின்னாடி உக்காந்திருந்தானாம். பதினொரு தடவை மைக்குல சொல்லிட்டேன். ஒரு ஈ காக்கா வரலை. அஞ்சு மணிக்குக் கண்காட்சியை மூடிருவாங்க. அதுக்கு மேல நான் போலீஸ்ல ஒப்படைச்சாகணும். அவங்க கொண்டுபோய் ஏதாச்சும் இல்லத்துல படுக்க வெப்பாங்க. இத்தனூண்டுப் பிள்ளை, யார் யார் முகமோ பாத்துக்கிட்டுத் தூங்கணும்."

"பேர் சொல்ல மாட்டேங்கறானா?" என்றேன்.

"சொல்றானே. பேர் என்னடான்னா ஏழுங்கறான். வயசு ஏழு. வீடு எங்கன்னா ஏழு. அம்மா பேரும் ஏழு."

"நல்ல தெளிவான பையன். போலீஸ்ல இவனை உடைக்கவே முடியாது."

அக்கா கூடாரத்தின் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நீ அவனைப் பாக்கறே," என்றாள் வக்கீல், தண்ணீர் டம்ளருக்கு மேலாக.

"இல்லையே. கூரையைப் பாக்கறேன்."

"கண்ணு ரெண்டு தடவை கீழ வந்துச்சு."

வக்கீல் டம்ளரை வைத்துவிட்டுப் புலியின் முன்னால் போய் நின்றாள். கொஞ்ச நேரம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் வாலை எடுத்து அவளிடம் காட்டினான். அவ்வளவுதான், வக்கீலின் முகம் இளகிவிட்டது.

"அரை மணி நேரம்தான்," என்றாள் அம்மாவிடம். "அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

அக்கா அடுத்த நொடி பெஞ்சின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் நகர்ந்ததை நான் பார்க்கவே இல்லை.

அப்போது வெளியே சில வாண்டுகள் கூடாரத்துக் கயிற்றில் தொங்கி ஆடின. மைக்கம்மா மேசை மேலிருந்த விசிலை எடுத்து அவர்களை விரட்ட ஒரு ஊது ஊதினார். பெஞ்சிலிருந்த புலி துள்ளி இறங்கியது. விறைப்பாக நின்றது. "ஏழு!" என்று கத்தியது. பிறகு இரண்டு கைகளாலும் காற்றில் எதையோ பிடித்து வலமிருந்து இடமாக இழுத்து, வாயால் "டப்" என்றது. எல்லாம் முடிந்த திருப்தியோடு மறுபடியும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"டேய், அஞ்சுன்னு சொல்லு," என்றாள் அக்கா என்னிடம்.

"அஞ்சு."

புலி என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தது.

"இப்ப ஆறு."

"ஆறு."

"ஏழு!" என்று இறங்கி நின்று, இழுத்து, "டப்".

அக்காவின் கண்ணில் விளக்கு எரிந்தது. "இவனுக்கு எண்ணத் தெரியாது. ஏழுங்கறது இவனோட இடம். விசில் ஊதினா வரிசையா நம்பர் சொல்லணும், ஆறுக்கு அப்புறம் இவன் முறை. வீட்டுல தினமும் பழகின பழக்கம் இது."

"டப்புங்கறது?"

"இழுத்துச் சாத்துற வேன் கதவு. கடைசியா ஏறுறவன்தான் கதவைச் சாத்துவான். அப்ப மொத்தம் ஏழு பிள்ளைங்க, இவன்தான் கடைசி. இப்ப சொல்லு. விசில் ஊதி, நம்பரைக் காதால மட்டும் கேட்டுட்டு, திரும்பிக்கூடப் பாக்காம வண்டியை எடுக்கிற ஆள் யாரு?"

"என்னை மாதிரி சோம்பேறி."

"பள்ளிக்கூட வேன் ஓட்டறவர். ரோட்டைப் பாக்கணும், பிள்ளைங்களையும் எண்ணணும். கண்ணு முன்னாடி, காது பின்னாடி. அதே பழக்கத்துல வீட்டுப் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்திருக்கார்."

மைக்கம்மா வாயைப் பிளந்தார். எனக்குப் பழகிவிட்டது, அதனால் நான் குறுக்குக் கேள்வி கேட்டேன். "அதெல்லாம் சரி. அவ்வளவு கறாரா எண்ணற மனுஷன், ஏழாவது நம்பர் வரலைன்னா பதறியிருக்க மாட்டாரா? பதினொரு தடவை மைக்குல சொல்லியும் ஏன் வரலை?"

"அதான்டா எனக்கும் இடிக்குது," என்றாள் அக்கா. "இந்தப் புலியைப் பூசினது யாரு?"

"மூணாவது வரிசையில, பொம்மைக் கடைக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு," என்றார் மைக்கம்மா.

மூன்றாவது வரிசைக்குப் போவதற்குள் நான் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிவிட்டேன். வேலை நேரத்தில் சாப்பிடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. வண்ணம் பூசுகிற பெண் கடையை ஏறக்கட்டிக்கொண்டிருந்தாள். தூரிகைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீர் டப்பாவில் அலசி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, துணியில் ஒற்றினாள்.

"இன்னைக்கு எத்தனை புலி போட்டீங்க?" என்றாள் அக்கா.

"எட்டு."

"யோசிக்காமலே சொல்றீங்க."

"ஆரஞ்சு டப்பா எட்டோட காலிங்க. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் பூனைதான். மூணு பேர் நான் பூனையா இருக்க மாட்டேன்னு ஒப்பாரி வெச்சாங்க."

"எட்டுல ஏழு ஒரே குடும்பமா?"

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்? அண்ணன் தம்பி பிள்ளைங்களாம். பெரியப்பா ஒருத்தர் மேய்ச்சுக்கிட்டு வந்தார், கழுத்துல விசில். ஏழும் ஒரே மாதிரி இருக்கணும்னு சொல்லிட்டார். அங்கி, வால் எல்லாம் நான்தான் குடுத்தேன். நெரிசலுக்கு முன்னாடி, அஞ்சு அடிக்கறதுக்குள்ள கிளம்பிருவோம்னார்."

"எட்டாவது புலி?"

"அது வேற குடும்பம். இந்த ஏழு பேரையும் பாத்துட்டு, நானும் புலிதான் ஆவேன்னு ஒரு பையன் தரையில உருண்டான். அவங்கப்பா வேற வழியில்லாம உக்கார வெச்சார். பூசி முடிச்சதும் அந்தப் புலிக் கூட்டத்துக்குப் பின்னாடியே ஓடப் பாத்தான், அப்பாதான் இழுத்துப் பிடிச்சார்."

அக்கா அசையாமல் நின்றாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள். ஒரு முடிச்சு அவிழும்போது அவளுக்கு வருகிற சிரிப்பு அது.

"டிரைவர் தேடலைடா. தேட வேண்டிய அவசியமே இல்லை. அவருக்கு ஆள் குறையலை."

"ஒரு புலிதான் கூடாரத்துல இருக்கே."

"அது அவரோட புலி. அவர் வண்டியில இருக்கிறது இந்த எட்டாவது புலி! அப்பன் கையிலேர்ந்து நழுவி அந்தக் கூட்டத்துல சேந்துட்டான். அந்த நேரம் நிஜ ஏழாவது ஆள் முயல் பாக்க உக்காந்துட்டான். விசில் ஊதினார், எண்ணினார். ஆறுக்கு அப்புறம் யாரோ ஏழுன்னு கத்தினாங்க. அவருக்கு அது போதும். மைக்குல ஒரு பையன் தனியா நிக்கறான்னு சொன்னப்ப, யார் வீட்டுப் பிள்ளையோன்னு உச்சுக்கொட்டிட்டுப் போயிருப்பார்."

"ஆனா அந்த எட்டாவது பையன் ஏன் சரியா ஏழுன்னு சொல்லணும்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"சொல்லுவான்," என்றாள் வக்கீல். "எங்க பட்டாணிகூட அப்படித்தான். யாராச்சும் ஆறுன்னா உடனே ஏழுன்னு கத்துவான்."

"பாத்தீங்களா, அந்த வயசுப் பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான்," என்றாள் அக்கா. அவளுக்கு இப்போது வேகம் வந்துவிட்டது. "எனக்குக் கோபம் யார் மேல தெரியுமா? அந்த எட்டாவது புலியைப் பெத்தவங்க மேல. ஒண்ணரை மணி நேரமா பிள்ளையைக் காணோம். கூடாரத்துக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கலை. ராட்டினம் சுத்தியிருப்பாங்க, ஐஸ்கிரீம் தின்னிருப்பாங்க."

நான் என் ஐஸ்கிரீமைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டேன்.

"இப்படியும் ஒரு அம்மா இருப்பாளா? என்ன ஜென்மமோ! கையில கிடைக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேன்."

"அந்த அப்பாவை வேணா நீங்க பிடிச்சுடலாம்," என்றாள் வண்ணக்காரப் பெண். "நான் கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பூசறதைப் பாத்துட்டு, 'உங்களுக்குப் பவர் வந்திருச்சும்மா, வந்து செக் பண்ணிக்கோங்க'ன்னு கார்டு குடுத்துட்டுப் போனார்."

தூரிகை டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு கார்டை உருவி நீட்டினாள்.

அக்கா வாங்கிப் படித்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் வடிந்துபோனதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். எனக்குக் கார்டைப் படிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மூலையில் ஒரு மூக்குக்கண்ணாடிப் படம். அச்சடித்து வாங்கி வந்தவனே நான்தான்.

அக்கா போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே அத்தானின் குரல் குதூகலமாக வந்தது.

"என்னம்மா, வாங்களேன் இங்க! பழைய பொருள் கடையில ஒரு தொலைநோக்கி கிடைச்சிருக்கு, லென்ஸ் என்ன லென்ஸ் தெரியுமா..."

"பட்டாணி எங்க?"

"உன் தம்பிகிட்டதான். மூணு மணிக்கே ஒப்படைச்சுட்டேனே. ராட்டினத்துக்கிட்ட நின்னு அம்சமா இடது காதைத் தொட்டான். மாமாகிட்ட ஓடுடா புலின்னு கையை விட்டேன். மைக்குல யாரோ ஒரு புலிப் பையன் தனியா நிக்கறான்னாங்க. நல்லவேளை, நம்ம புலி மாமாகூட இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்."

என் கையிலிருந்து ஐஸ்கிரீம் விழுந்தது. "அக்கா... அது ஸ்பீக்கர் சத்தம்... காதை அடைச்சுக்கிட்டேன்... நான் பொறுப்பெல்லாம் எடுக்கலைக்கா..."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு உயிர் வந்திருக்கும்.

"மணி என்ன?"

"நாலு அம்பத்திரண்டு."

"நீயும் வக்கீலும் வண்டி நிறுத்தற இடத்துக்கு ஓடுங்க. நான் மைக்குக்குப் போறேன்."

"வண்டி நம்பர் தெரியாது, ஆள் பேர் தெரியாது. மைக்குல என்னன்னு சொல்லுவே?"

"வாயை மூடிக்கிட்டு காதைத் தீட்டி வெச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு அக்கா ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. துரத்த வேண்டிய வேலையெல்லாம் எப்போதும் என் தலையில்தான் விழும்.

வண்டிகள் நின்ற மைதானத்துக்கு வந்து சேர்ந்தோம். கடைசி நாள் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் கிளம்பிக்கொண்டிருந்தது. எங்கே திரும்பினாலும் வேன். அதிலும் பாதிக்கு மேல் வெள்ளை. புழுதி, ஹாரன், கதவு சாத்துகிற சத்தம். நான் முதல் வரிசையில் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தேன். ஒரு வேனில் பாட்டுக் கச்சேரியே நடந்துகொண்டிருந்தது. இன்னொன்றில் ஆட்டுக்குட்டி இருந்தது. வக்கீல் என் சட்டையைப் பிடித்தபடி கூடவே ஓடி வந்தாள். அவள் ஒரு வார்த்தையும் வாதாடவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. வாசல் பக்கம் ஏற்கெனவே வண்டிகள் ஒவ்வொன்றாக ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தன.

கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்தது. அக்காவின் குரல்.

"வண்டி நிறுத்தும் இடத்துல இருக்கிற எல்லாரும் தயவுசெய்து ஒரு நிமிஷம் இன்ஜினை நிறுத்துங்க. ஒரு குழந்தை விஷயம்."

சில வண்டிகள் அடங்கின. சிலர் என்ன ஏது என்று தலையை நீட்டினார்கள். வாசலை ஒட்டியிருந்தவர்கள் கேட்காத மாதிரி நகர்ந்துகொண்டே இருந்தார்கள்.

"ஆறு," என்றது ஒலிபெருக்கி.

மைதானமே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பதில் இல்லை.

"ஆறு!"

ஒன்றும் இல்லை. பிறகு அக்காவின் குரல் உடைந்து வந்தது.

"ஆறுடா கண்ணு. அம்மா சொல்றேன். ஆறு."

வாசலுக்கு இரண்டு வண்டி முன்னால், உருண்டுகொண்டிருந்த ஒரு வெள்ளை வேனின் ஜன்னல் வழியாகப் பிஞ்சுத் தொண்டை ஒன்று மைதானம் அதிரக் கத்தியது.

"ஏழு!"

"பட்டாணி!" என்று வக்கீல் வீரிட்டாள். நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. வேனின் பக்கவாட்டில் படார் படாரென்று அடித்தேன். வண்டி நின்றது. கழுத்தில் விசில் தொங்க, தாட்டியான ஒரு மனிதர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, வண்டியை உடைச்சுருவீங்க போலிருக்கு?"

"உள்ள எத்தனை பிள்ளைங்க?"

"ஏழு. இப்பத்தான் எண்ணினேன்."

"திரும்பிப் பாருங்க."

"திரும்ப வேண்டியதே இல்லைங்க. பதினாறு வருஷமா எண்ணறேன், ஒருநாள் தப்பினதில்லை. வேணும்னா நீங்களே கேட்டுக்கோங்க." அவர் விசிலை ஊதினார்.

"ஒண்ணு!" "ரெண்டு!" "மூணு!" "நாலு!" "அஞ்சு!" "ஆறு!"

"ஏழு!" என்று வேனுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"ஏழு!" என்று எனக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல். அக்கா மூச்சிரைக்க ஓடி வந்து நின்றாள். அவள் இடுப்பில் கூடாரத்துப் புலி. அது கையை நீட்டிக் காற்றில் கதவை இழுத்து, "டப்" என்றது.

பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார். வாயிலிருந்த விசில் தொப்பென்று மடியில் விழுந்தது.

"டேய், இவன் யாருடா?" என்றார் பின் சீட்டைப் பார்த்து.

"நாங்க சொல்ல வந்தோம் பெரியப்பா," என்றது மூத்த புலி. "எண்ணறப்ப நம்பரைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு நீங்கதான் அதட்டினீங்க."

"அப்புறமாச்சும் சொல்றதுக்கென்ன?"

"அப்புறம் இவன் நம்ம ஏழாம் நம்பரைவிட சத்தமாச் சொன்னான். நீங்களும் சபாஷ்னுட்டீங்க."

அவர் இறங்கி வந்து அக்காவிடமிருந்து பையனை வாங்கினார். பையனின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "மைக்குல சொன்னாங்கம்மா. நாலஞ்சு தடவை காதுல விழுந்துச்சு. எந்தப் பாவியோ பிள்ளையைத் தொலைச்சுட்டுத் திரியறான்னு நான்தான் சொன்னேன்."

"நானும் அதையேதான் சொன்னேன்," என்றாள் அக்கா.

அத்தான் தொப்பி இல்லாமல், தொலைநோக்கியை மார்போடு அணைத்தபடி ஓடி வந்தார். வந்ததும் வராததுமாக, "இவன் காதைத் தொட்டான், நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்று ஆரம்பித்தார்.

"அத்தான், ஒரு மனுஷன் காதைச் சொறியக்கூட உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றாள் அக்கா. "அந்தக் கோணங்கிச் சட்டத்தைப் போட்டது நான். பிள்ளையைக் குடுத்தேன், வாங்கிட்டேன்னு வாயால சொல்லியிருந்தா இது நடந்திருக்குமா?"

வேன் கதவு திறந்தது. பட்டாணி குதித்து இறங்கினான். ஒரு பக்கத்து மீசை கலைந்திருந்தது, வால் பாதிதான் மிச்சம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் நின்றான். அக்கா புழுதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் தோளை, கையை, முழங்காலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, நீ என்னைத் தேடினியா?" என்றான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியப்போகிறது? நானாக இருந்தால் நாள் முழுக்கத் தேடினேன் என்று அளந்திருப்பேன்.

"கடைசியிலதான் தேடினேன்டா கண்ணு," என்றாள் அக்கா. "அதுவரைக்கும் நீ தொலைஞ்சதே அம்மாவுக்குத் தெரியாது. நான் அந்தப் பையனோட வீட்டைத் தேடிக்கிட்டு இருந்தேன்."

பட்டாணி அந்தப் பையனைத் திரும்பிப் பார்த்தான். பெரியப்பாவின் தோளில் சாய்ந்து அவன் பாதித் தூக்கத்தில் இருந்தான்.

"அவன் அழுதானா?"

"அழலை."

"நானும் அழலை," என்றான் பட்டாணி. "அப்பாவைக் காணோம். மாமாவையும் காணோம். எல்லாரும் உயரம் உயரமா இருந்தாங்க. நான் அழவே இல்லை." சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழுதடு பிதுங்கியது. அடுத்த மூச்சில் ஓவென்று அழ ஆரம்பித்தான். இரண்டு மணி நேரத்து அழுகையையும் அம்மா வரட்டும் என்று பத்திரமாக வைத்திருந்திருக்கிறான்.

அக்கா அவனை வாரி மடியில் போட்டுக்கொண்டு, எங்கள் எல்லோர் முன்னிலையிலும், அவனைவிடச் சத்தமாக அழுதாள். அத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார்கள். விசில்காரர் தூங்குகிற பையனைத் தோளில் போட்டபடியே நடுவில் போய் நின்று, ஒரு கையை நீட்டி எல்லா வண்டிகளையும் சுற்றிக்கொண்டு போகச் சொன்னார். பட்டாணி அழுது முடிக்கிற வரைக்கும் அக்கா அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.